தாடை எலும்பில் கேட்டது

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பதானால் இப்போதே மூடி வைத்துவிடுங்கள். இது நடந்தது. எனக்கு நடந்தது. அதுவும் நடுராத்திரியில், சுடுகாட்டு ஓரத்தில் இல்லை. பட்டப்பகலில், என் வீட்டுப் படுக்கையறையில்.

நான் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில் தனியாக நின்று வேலை பார்ப்பவன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டாரில் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தினால் போதும், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். 'லிஃப்டில் பேய் இருக்கிறது' என்று என்னைக் கூப்பிட்டவர்கள் பலர். போய்ப் பார்த்தால் ஏதோ ஒரு போல்ட் லூசாக இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிச் சிரித்துவிட்டு வருவேன்.

இப்போது சிரிப்பதில்லை.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. பேஸ் கிட்டார். பெரிய வித்வான் எல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து அக்கம்பக்கத்தாரின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். நாலு வருடமாக இரவல் கிட்டாரில் காலத்தை ஓட்டியவன், போன வருடம்தான் சொந்தமாக ஒன்று வாங்கத் துணிந்தேன்.

"மத்த கிட்டார்ல ஆறு கம்பி. இதுல நாலே நாலு. விலை மட்டும் எப்படிங்க ஜாஸ்தி?" என்றாள் என் மனைவி.

வாங்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் மகள். அப்போது அவளுக்கு நாலு வயது. பிறவியிலேயே இரண்டு காதிலும் துவாரம் அடைப்பு. உள்காது நன்றாக இருக்கிறது, சத்தம் உள்ளே போகத்தான் வழியில்லை என்றார் டாக்டர். மண்டை எலும்பு அதிர்ந்தால் அவளுக்குக் கேட்கும். அப்படி எலும்பு வழியாகக் கேட்க வைக்கும் கருவி ஒன்று உண்டு. அதற்காகக் காத்திருந்தோம். 'அம்மா' என்ற சொல்லை அவள் ஒருமுறைகூடத் தெளிவாகக் கேட்டதில்லை. சொன்னதும் இல்லை.

பேஸ் வாசிப்பவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஆம்ப் என்கிற ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்கும்போது, கிட்டார் உடம்பின் மேல்பக்கம் கொம்புபோல நீண்டிருக்கும் முனையில் தாடையை அழுத்திக்கொள்வோம். வெளியே ஒன்றும் கேட்காது. ஆனால் மண்டைக்குள் கும்மென்று நிறையும். ஒருநாள் என்னைப் பார்த்து என் மகளும் அந்தக் கொம்பைப் பல்லால் கடித்துக்கொண்டாள். நான் மீட்டினேன். அவள் கண் விரிந்ததைப் பார்த்து அன்றைக்கு நான் அழுதுவிட்டேன்.

அதனால் புதுக் கிட்டாரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவளிடமே விட்டேன்.

கடையில் மூன்றை இறக்கி வைத்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், நிறம்தான் வேறு. நான் கழுத்தின் தடிமனைப் பார்த்தேன். மடியில் சாயாமல் நிற்கிறதா என்று பார்த்தேன். அவள் பல்லை வைத்துப் பார்த்தாள். கடைக்காரர் தங்கமான மனிதர், ஒவ்வொரு தடவையும் கொம்பைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். சிவப்பை மீட்டினேன். சிரித்தாள். வெள்ளைக்கும் சிரித்தாள்.

மூன்றாவது வெளிர்நீலம். தூக்கும்போதே மற்ற இரண்டையும்விடக் கனம். அவள் கொம்பைக் கடித்தாள். நான் இன்னும் கம்பியைத் தொடவில்லை...

அவள் தலையை ஆட்டினாள். மெதுவாக. தாளத்தோடு.

நான் மீட்டப் போனேன். அவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். எங்கள் வீட்டுச் சைகையில் அதற்கு 'இரு' என்று அர்த்தம்.

"பாப்பாவே செலக்ட் பண்ணிட்டா சார்!" என்றார் கடைக்காரர். நானும் சிரித்தேன்.

முதல் பத்து நாள் சொர்க்கம். புதுக் கம்பிக்கு ஒரு சுரசுரப்பு உண்டு, விரல் நுனியே சந்தோஷப்படும். வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அதை மடியில் வைத்துக்கொள்வேன். நான் ஒரு கொம்பில் தாடை வைக்க, அவள் இன்னொரு கொம்பைக் கடித்துக்கொள்வாள். "அப்பனும் மகளும் கட்டையைக் கடிச்சே வயித்த ரொப்பிக்குவீங்களா? சாப்பிட வாங்க," என்று மனைவி உள்ளேயிருந்து கத்துவாள்.

பதினோராவது நாள் மாலை. டீ எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தேன். கிட்டார் ஸ்டாண்டில் இருந்தது. அவள் தரையில் மண்டியிட்டுக் கொம்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கம்பிகள் அசையவில்லை. அவள் தலை அசைந்துகொண்டிருந்தது.

ஃபிரிட்ஜின் அதிர்வாக இருக்கும். தரை வழியாக வருகிறது. எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் உண்டு, அதைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. மறுநாள் ஞாயிறு. மனைவியும் மகளும் வெளியே போயிருந்தார்கள். மதியம் இரண்டரை மணி. மெயின் சுவிட்சை அணைத்தேன். ஃபிரிட்ஜ் நின்றது. ஃபேன் நின்றது. கிட்டாரிலிருந்து நாலு கம்பிகளையும் கழற்றினேன். இனி அதிர அதில் ஒன்றுமே இல்லை. வெறும் மரம்.

கட்டிலில் உட்கார்ந்து, கொம்பில் தாடையை வைத்தேன்.

ஒன்றுமில்லை.

எடுக்கப் போனேன்...

ம்ம்ம்ம்...

வாயை மூடிக்கொண்டு ஒருவர் பாடுவதுபோல. மிகவும் தாழ்ந்த குரல். ஆணா பெண்ணா தெரியவில்லை. தாடையை எடுத்தேன். அறை நிசப்தம். மறுபடி வைத்தேன்.

ம்ம்ம்... ம்ம்ம்ம்...

மோட்டார் முனகும். பைப் முனகும். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். இது நடுவில் நின்றது.

மூச்சை இழுத்தது.

பிறகு தொடர்ந்தது.

கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மனைவியிடம் சொல்லலாமா? சொன்னால் என்னைத்தான் டாக்டரிடம் அழைத்துப் போவாள்.

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அன்று சாயங்காலம் சமையலறையிலிருந்து அவள் கூச்சல் போட்டாள். "ஏங்க! இங்க ஓடி வாங்க! பாப்பா பாடுறா!"

மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் மூடியிருந்தது.

ம்ம்ம்... ம்ம்ம்ம்...

அதே பாட்டு. அதே இடத்தில் நிறுத்தினாள். அதே இடத்தில் மூச்சை இழுத்தாள்.

மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்க வாசிச்சதக் கேட்டுத்தாங்க கத்துக்கிட்டா!" அவள் முகத்தில் நாலு வருடமாக நான் பார்க்காத சந்தோஷம்.

மறுநாள் காலை, கம்பிகளை ஒரு உறையில் போட்டு, கிட்டாரைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். கழுத்து எனக்குச் சரிப்படவில்லை என்று பொய் சொன்னேன். கடைக்காரர் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"என்ன சார், லேசாயிடுச்சு? வீட்டுல வச்சு இழைச்சுட்டீங்களா?"

"கம்பி கழட்டியிருக்கு."

"கம்பி என்ன சார் கனம் இருக்கப் போகுது?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லிஃப்டிலிருந்து ஆள் இறங்கினால்தான் பாரம் குறையும்.

மகள் அழுது ஊரைக் கூட்டுவாள் என்று பயந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். காலியான ஸ்டாண்டைப் பார்த்தாள். அழவில்லை. தேடவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டிக்கொண்டே விளையாடப் போனாள்.

அந்த வாரமே கருவிக்கான காது பரிசோதனை வந்தது. சத்தம் புகாத சின்ன அறை. மகள் என் மடியில். பரிசோதிக்கும் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். காதுக்குப் பின்னால் எலும்பில், சத்தத்தை அதிர்வாக அனுப்பும் ஒரு சின்ன அதிர்வான் வைத்திருந்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையை எடுத்து வாளியில் போட வேண்டும். சைகையில் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

டக். ஒரு கட்டை விழுந்தது.

டக். இன்னொன்று.

கெட்டிக்காரி, என்று நினைத்தேன்.

டக்... டக்... கட்டைகளுக்கு நடுவே ஒரே இடைவெளி. அந்தப் பெண் கண்ணாடி வழியாக எங்களையே பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே வந்தார்.

"சார்... நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

டக்.

அவர் அதிர்வானின் வயரைப் பிடுங்கினார்.

டக்.

"குழந்தைங்க சும்மா ஊகிச்சுப் போடும் சார். பயப்படாதீங்க," என்றார். வயரை மறுபடி சொருக அவருக்கு மூன்று தடவை ஆயிற்று.

தன் மூக்குக்கண்ணாடியை மகளுக்கு மாட்டிவிட்டு விளையாட்டுக் காட்டி, வெகுநேரம் கழித்துப் பரிசோதனையை முடித்தார். உள்காது அருமையாக இருக்கிறதாம்.

ஒரு மாதத்தில் கருவி வந்தது. தலையைச் சுற்றி ஒரு பட்டை, அதில் ஒரு பொத்தான் அளவுக்கு மெஷின். அதே அறை, அதே பெண். மகளை என் மடியில் உட்கார வைத்து மாட்டினார்கள். மனைவி அவளுக்கு எதிரே தரையில் மண்டியிட்டாள். நாலு வருடம் காத்திருந்த நிமிடம்.

"இப்ப கூப்பிடுங்கம்மா."

"பாப்பா..." மனைவியின் குரல் உடைந்தது. "அம்மாடா... கேக்குதா?"

மகளின் உடம்பு சிலிர்த்தது. கேட்டுவிட்டது. எனக்குத் தெரிந்தது.

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு விரலைத் தூக்கினாள்.

இரு.

"கேட்டுடுச்சுங்க! கையத் தூக்குறா பாருங்க!" மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்கு அது போதும். குனிந்து மகளின் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தேன். என் தாடை அவள் மண்டையில் பதிந்தது.

எலும்போடு எலும்பு.

ம்ம்ம்... ம்ம்ம்ம்...

பாட்டு நின்றது.

மூச்சை இழுத்தது.

என் கை அவள் நெஞ்சின் மேல் இருந்தது. நெஞ்சு அசையவில்லை. என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.