கரைந்துபோன துணைக்கால்

பிச்சாவரத்தில் படகு ஓட்டிய ஏழுமலை அண்ணன் நேற்று காலை போய்விட்டார். மாரடைப்பு... சிதம்பரம் கொண்டுபோகும் வழியிலேயே.

வரும் ஞாயிற்றுக்கிழமை நான் அவரைப் பார்க்கப் போவதாக இருந்தேன்.

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே சுரபுன்னை மரங்களில் பிஎச்டி செய்கிறேன் என்று இங்கே பலருக்குத் தெரியும். பெரிய இலை, சின்ன இலை என்று இரண்டு இனங்கள், இரண்டும் கலந்து பிறந்த கலப்பு மரம் ஒன்று. மூன்றின் செல்லிலும் எவ்வளவு டிஎன்ஏ இருக்கிறது என்று அளக்க வேண்டும்.

பூ இல்லாத நாளில் கலப்பு மரம் எது என்று எனக்குத் தெரியாது. அவர் துடுப்பை நிறுத்தாமலே சொல்லிவிடுவார்.

"பெருசு மாமா, சின்னது அத்த. அவுங்களுக்குப் பொறந்தது நமக்கு மச்சான் தானே டீச்சர்?"

போன வருடம் இலை பறித்த அன்று என் கையெல்லாம் சேறு. இலைகளோடு வைக்கும் அட்டைகளில் அவர்தான் எழுதினார். மாமாவுக்கு மா, அத்தைக்கு அ, மச்சானுக்கு ம.

"பென்சில் இல்லியா டீச்சர்? ஜெல் பேனா தண்ணில போயிடும்."

"பரவால்ல, எழுதுங்கண்ணே."

ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் சென்னை போய்ச் சேர்ந்தேன். "அ" அப்படியே இருந்தது. மற்ற இரண்டிலும் மை பரவி, எதில் துணைக்கால் இருந்தது என்றே தெரியவில்லை.

டிஎன்ஏ அளக்கும் மெஷின் அந்த முறை எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள்தான். மூன்று அளவுகளில் நடுவில் வந்ததை மச்சான் என்று எழுதிவிட்டேன். கலப்பு என்றால் நடுவில்தான் வரும் என்று நானே முடிவு செய்துகொண்டு...

தீசிஸ் அடுத்த மாதம் கொடுக்க வேண்டும். கலப்பு மரத்தில் அவர் அடையாளத்துக்குக் கட்டிய சிவப்புத் துணியும் புயலில் போய்விட்டது.

யாரிடமும் சொல்லாததைப் போன வாரம் போனில் அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"மாமனையும் மச்சானையும் மாத்திட்டீங்களா? நல்லா இருக்கு போங்க. ஞாயித்துக்கெழம வாங்க, காட்றேன், இன்னொருக்கா எல பறிச்சுக்கலாம். போன்ல மரத்தக் காட்ட முடியுமா?"

நேற்று அவர் வீட்டு வாசலில் நின்றபோதும் மனசு அந்த அட்டையிலேயே இருந்தது. வெட்கமாக இருந்தது.

அவர் மனைவி என்னை அடையாளம் கண்டு உள்ளே போய் எதையோ எடுத்து வந்தார்.

"ஞாயித்துக்கெழம டீச்சர் வருவாங்க, மறந்துட்டுதான் வருவாங்கன்னு இத எடுத்து வெச்சிருந்தாரும்மா."

ஒரு பென்சில். சீவி வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து தீசிஸில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டேன். பக்கத்தில் "ம?" என்று எழுதினேன்.

போய் வாங்கண்ணே...