லாஹாபாவின் வெறுங்கம்பி

ஹொனலுலுவின் பாலமாப் பேட்டையில் மீன் விற்றவளின் மகள் லாஹாபா. கப்பல் வராத நாட்களில் ஊரார் துணி வெளுப்பாள். கப்பல் வரும் நாட்களில் ஹொனலுலு கடற்கரை ஓட்டலில் கிட்டாரை மடியில் மல்லாத்திப் போட்டு, கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பாள். சூப்பு ஆறுவது தெரியாமல் கேட்டிருந்தவர்கள் உண்டு.

அவள் கம்பிகளைச் சேர்க்கும் சுருதி அவளுடைய அம்மா கண்டது. சுருதி அங்கே குடும்பச் சொத்து. வெளியாள் இருந்தால் இரும்பு படாத வெறுங்கம்பியை மீட்டமாட்டாள்; அதன் ஒலியே சுருதியைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுந்து போனால் முறுக்காணிகளைத் தளர்த்திவிட்டுத்தான் போவாள்.

ஒரு கப்பல் நாளில் அவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், கிட்டார் பென்டன் துரையின் மடியில் கிடக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் இசைக்குழு நடத்துகிறவர். சாயங்காலக் கப்பலில் ஊர் திரும்புகிறார். கம்பிகளைத் தட்டிப் பார்த்தார். தொளதொளவென்றன.

"என்ன, கெட்டுப்போச்சா?"

உகுலேலே என்னும் குட்டி கிட்டாரை வாசிக்கும் அவள் தம்பி பலகீகோ சிரித்தான். "கெடல தொரை. எங்கக்கா வீட்டப் பூட்டிட்டுப் போயிருக்கா."

ஓட்டல் மேனேஜர் சிரிக்கவில்லை. "லாஹாபா, எப்படிச் சேக்கிறதுன்னு இவருக்குக் காட்டிடு. இவர் ஆளுங்க அங்க வாசிப்பாங்க. உனக்குத்தானே பெருமை?"

"எங்கம்மா பேரச் சொல்லுவாங்களா?"

"அதெல்லாம் எதுக்கு? காட்டு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

"நாளை வரைக்கும் எதுக்கு தொரை? இப்பவே போறேன்."

கிட்டாரை வாங்கிக்கொண்டு நடந்தாள். பலகீகோ பின்னாலேயே ஓடினான்.

"அக்கா, துணி வெளுத்தே கூழ் குடிச்சிர முடியுமா?"

"பயமா இருந்தா நீ இரு. மிச்ச சூப்பு குடுப்பாங்க."

"வாயப் பாரு" என்றான்; கூடவே வந்தான்.

துறைமுகத்தில் பயணிகள் கழுத்து மறைய மாலைகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். லாஹாபா ஒரு சரக்குப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். கப்பல் சங்கு ஊதியது. அந்த இரைச்சலுக்குள், மரத்தில் காதை ஒட்டவைத்துக் கம்பிகளைச் சேர்த்துக்கொண்டாள்.

மேல்தட்டில் பென்டன் துரை காதருகே கை குவித்து நின்றார்.

"நல்லாக் கேளுங்க தொரை! கேக்கறதுக்குக் காவல் போடல!"

வாசித்தாள். இரும்புத் துண்டு கம்பியை விட்டு எழவே இல்லை. கப்பல் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து கேட்டது. கடைசி ஸ்வரம் மேலே வழுக்கிப் போய்க் கரைந்தது. ஒருமுறையாவது வெறுங்கம்பியை மீட்டுவாள் என்று துரை கம்பித்தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தார். லாஹாபா அவரை நிமிர்ந்து பார்த்தபடியே ஆணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

ஓட்டலுக்கு அவள் பிறகு போகவே இல்லை. கப்பல் நாட்களில் அந்தப் பெட்டிதான் அவள் மேடை. ஓட்டல் விருந்தாளிகள் வெயிலில் வந்து நின்று கேட்டார்கள். வாசித்து முடித்து ஆணிகளைத் தளர்த்துவதை மட்டும் கையை உயர்த்தி, எல்லாருக்கும் தெரியும்படி செய்தாள்.