வெத்தலைய விட்ட வேண்டுதல்

எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. வீட்டுக்காரருக்கும்தான். எங்க தேயிலைத் தோட்டத்து லய வீடுகள்ல ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது. எங்களைச் சீனி வியாதிக்காரங்கன்னு நினைச்சுக்கிட்டு, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு, “இனிப்பு திங்காதடி”ன்னு புத்தி சொல்லி அனுப்புவாங்க. மாத்திரை தவறாம போடுறதால கிருமி அடங்கிக் கெடக்கு. தெம்பாத்தான் கொழுந்து எடுக்குறேன்.

போன மழைக்கு முன்னால கன்னத்துக்குள்ள ஒரு வெள்ளைப் படை. கிளினிக் டாக்டரம்மா டோர்ச் அடிச்சுப் பார்த்ததும் மொகம் மாறிப்போச்சு. துளி சதை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க.

“கிருமி தூங்குனாலும் ஒங்க ஒடம்புல நோயை எதிர்க்கிற காவக்காரன் தூங்க மாட்டான். எந்நேரமும் கம்பைச் சுத்திக்கிட்டே இருப்பான். அலுத்துப்போனா நெசத் திருடன் நொழையுறது கண்ணுல படாது. அதனால மத்தவங்களைவிட ஒங்களுக்குப் புத்துநோய் பயம் கூட. இன்னையோட வெத்தல, பொயிலைய விட்டுருங்க”ன்னாங்க.

விடுறதாம்! மலையில எனக்குப் பக்கத்து நெரையில கொழுந்து எடுக்குறவ, லயத்துலயும் ஒரே சுவர் தள்ளிப் பக்கத்துக் காம்பராவுல இருக்குற அக்காதான். அவ மடிச்சுத் தர்ற வெத்தலைய வாங்காட்டி, “என் கை நாறுதா?”ன்னு சண்டைக்கு வருவா. காரணத்த எப்படிச் சொல்ல?

வீட்டுக்காரர்தான் வழி சொன்னாரு. “கதிர்காமத்துக்கு வேண்டிக்கிட்டேன்னு சொல்லு புள்ள. முருகன்கிட்ட யாரு போய் வெசாரிக்கப் போறா?” மனுசனுக்கு என்னா மூளை! எனக்காக அவரும் சேர்ந்தே விட்டுட்டாரு.

அக்கா மொறைச்சா. “எதுக்குடி வேண்டுதல்?”

“சொன்னா பலிக்காதுக்கா.”

“அப்ப நான் மட்டும் மாடு மாதிரி அசை போடணுமா? ஒன் வேண்டுதல் பலிக்கிற வரைக்கும் நானும் தொட மாட்டேன், போ!”

பல்லைக் கடிச்சுக்கிட்டு, நாள் பூரா என்னை ஏசிக்கிட்டேதான் கொழுந்து எடுத்தா. பாவி மக, அம்புட்டுப் பிரியம்.

ரிசல்ட்டு வந்துச்சு. புத்து இல்ல. ஆனா அந்தப் படை பின்னால புத்தா மாறினாலும் மாறலாம், வெத்தலைய இனித் தொடவே கூடாது, அடிக்கடி வந்து வாயைக் காட்டணும்னாங்க. பஸ்ஸுல வழி நெடுக நிம்மதியில அழுதுகிட்டே வந்தேன்.

லயத்து வாசல்ல அக்கா நின்னா. “மொகம் தெளிஞ்சிருக்கே, பலிச்சிருச்சா?”

“பலிச்சிருச்சுக்கா.”

“அப்பாடா!” இடுப்புல சொருகியிருந்த வெத்தலைச் சுருக்குப்பையை உருவிக்கிட்டே, “ஒக்காரு, மடிச்சுத் தாரேன்”ன்னா.

“இல்லக்கா. பலிச்சா ஆயுசுக்கும் தொடுறதில்லைன்னு வேண்டியிருக்கேன்.”

“ஆயுசுக்குமா? அடிப்பாவி!”

உருவின பையைத் திரும்பச் சுருக்கித் தகரக் கூரை மேல வீசினா.

“எனக்கென்ன, வயசாச்சு, கொஞ்ச நாளைக்குத்தான் இந்தக் கஷ்டம். நீதான்டி ரொம்ப காலம் இருக்கப் போறவ. நல்லாக் கெடந்து அனுபவி!”