பிள்ளைக்காம்பராவில் ஒரு கிட்டார்

சுகுணாவுக்குத் தன் வலது கைக் கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் இருக்கின்றனவா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பார்த்தால் இருக்கும். பார்க்காவிட்டால் இருக்கிற மாதிரியே இருக்காது. போன ஐப்பசியில் தோசைக்கல் விளிம்பில் ஆள்காட்டி விரல் ஒட்டி வெந்தபோது, நாற்றம் வந்துதான் அவளுக்கே தெரிந்தது. யார் வீட்டிலோ கருவாடு சுடுகிறார்கள் என்று நினைத்தாளாம். அவளே சொல்லிச் சிரிப்பாள். கேட்பவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

கீழ் கோத்தகிரிச் சரிவில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவள் கொழுந்து பறிக்கப் போனது கல்யாணத்துக்கு முன்னால். அப்போதெல்லாம் கையால் கிள்ளுவதுதான். சைக்கிள் டியூபை மோதிரம் மாதிரி வெட்டி விரலில் மாட்டிக்கொண்டு கிள்ளுவார்கள். விரல் கறுக்கும், வெடிக்கும், அவ்வளவுதான். பிறகு ஆள் குறைந்தது. இளவட்டங்கள் எல்லாம் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிவிட்டார்கள். சுகுணாவின் புருஷன் பாலுவே திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மாதம் ஒருமுறை வந்து துணி துவைக்கப் போட்டுவிட்டுப் போவான். இருக்கிற ஆளை வைத்தே தோட்டம் முழுக்க வெட்டியாக வேண்டும் என்று கத்தரி வந்தது. கொழுந்து விழுவதற்குப் பெட்டி வைத்த பெரிய கத்தரி. காலையில் பிடித்தால் சாயங்காலம் வரை மணிக்கட்டு ஓயாது. மிஷினுக்கு எண்ணெய் விடுவார்கள். மனுஷிக்கு யார் விடுவது? சில வருஷத்தில் மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கிவிட்டது. குன்னூருக்குப் போய் ஆபரேஷன் செய்தும் பார்த்தாயிற்று. ரொம்ப லேட்டாக வந்திருக்கிறீர்கள் என்றார்கள். சீக்கிரம் வர லீவு யார் கொடுத்திருப்பார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை.

எஸ்டேட் டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒரு வருஷத்துக்கு லைட் டூட்டி எழுதினார். அப்படித்தான் சுகுணா பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாள். வேலைக்குப் போகும் பெண்கள் சின்னக் குழந்தைகளை விட்டுப்போகிற அறை அது. வாசல் போர்டில் வேறு பெயர் இங்கிலீஷில் எழுதியிருக்கும். ஆனால் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே சொன்ன பெயரையே இங்கேயும் சொல்லி, அதுவே நிலைத்துவிட்டது.

சுகுணாவின் அப்பா பழனியாண்டியும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்தான். எல்லோரும் பித்தளைப் பாத்திரம், தையல் மிஷின் என்று கொண்டுவந்தபோது அந்த மனுஷன் ஒரு கிட்டாரைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினாராம். அதற்காக அவருடைய சம்சாரம் கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை. இங்கே வந்து ஃபாக்டரியில் ராத்திரி ஷிஃப்ட். பகலெல்லாம் தூக்கம். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் இருப்பது ஒரே அறை. ஸ்பூன் விழுந்தாலும் எழுந்துவிடுவார். எட்டு வயது சுகுணாவுக்கோ அந்த மரப்பெட்டியைத் தொடாமல் இருக்க முடியவில்லை. வலது கையால் கம்பியை மீட்டினால்தானே சத்தம் என்று, இடது கை விரல்களை மட்டும் கம்பியின்மேல் தட்டித் தட்டிப் பார்த்தாள். அதிலும் ஒரு சத்தம் வந்தது. காதை மரத்தில் வைத்தால் மட்டும் கேட்கிற சத்தம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவள் கற்றது இப்படித்தான், பாதிக் கிட்டார் முதலில், மீதிப் பாதி அப்பா வேலைக்குப் போன பிறகு.

பெரியவளானதும் மாரியம்மன் திருவிழாவில் பையன்களோடு மேடையில் உட்கார்ந்து வாசித்தாள். பொட்டப்பிள்ளைக்கு எதற்கு இது என்று ஒரு வருஷம் பேசினார்கள். மறு வருஷம் அவள் எப்போது வருவாள் என்று கேட்டார்கள். ஊர் வாய்க்கு உலைமூடி கிடையாது, மறதியும் ஜாஸ்தி. அப்பா போன பிறகு டிவியை அண்ணன் எடுத்துக்கொண்டான், கிட்டார் இவளுக்கு.

விரல் மரத்துப்போனதும் கிட்டாரை உறைக்குள் போட்டு வீட்டுச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டாள். கம்பியை மீட்டுகிற பிளாஸ்டிக் துண்டு பிடியில் நிற்காமல் விழுந்தது. விழுந்ததே தெரியாமல் வெறும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள் ஒருநாள். அன்றைக்கு அழுதாள். ஆபரேஷனுக்குக்கூட அவள் அழவில்லை.

பிள்ளைக்காம்பராவில் வர்ஷா என்று மூன்று வயதுக் குழந்தை ஒன்று உண்டு. மத்தியானம் எல்லாம் தூங்கினாலும் அது தூங்காது. தான் தூங்காததோடு மற்றதுகளையும் மிதித்து எழுப்பும். சுகுணா பாடிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் கிட்டாரைக் கொண்டுவந்தாள். பழைய டியூப் மோதிரம் ஒன்றை ஆள்காட்டி விரலில் மாட்டி, பெயிண்ட் டப்பா மூடியில் வெட்டிய துண்டை அதற்குள் செருகினாள். இனி விரல் பிடிக்க வேண்டியதில்லை. முழங்கை ஆடினால் போதும். கொழுந்து பறிக்கக் கண்டுபிடித்தது இதற்கு உதவியது. விரல் எங்கே உரசுகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம். அதற்குமேல் தோள்பட்டைவரை தீப்பிடித்த மாதிரி வலிக்கும். விரல் மரத்தவளுக்கு வலி மட்டும் எப்படி மேலேறி வருகிறது என்று அவளுக்கு விளங்கவேயில்லை. ஆனால் வர்ஷா தூங்கினாள். எல்லாம் தூங்கின. சுகுணாவும் சுவரில் சாய்ந்து, அலுப்போடு அலுப்பாக, கொஞ்சம் சந்தோஷமாக இருந்தாள்.

அது பொறுக்குமா? கெடுத்தது பொறாமைக்காரி இல்லை. உயிருக்குயிரான சிநேகிதி சுமலதா. தன் மகள் வர்ஷாவைக் கூட்டிப்போக வந்தவள் வாசலில் நின்று ஃபோனில் வீடியோ எடுத்தாள். எங்கள் அக்காவைப் பாருங்கள், ஆபரேஷன் செய்த கையால் எப்படி வாசிக்கிறது என்று பெருமையாக எழுதி, எஸ்டேட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். அந்தக் குரூப்பில் லைன்காரர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? ஆபீஸ் இருக்கிறது, டாக்டரம்மா இருக்கிறார், ஃபீல்டு ஆபீசர் ஆறுச்சாமி இருக்கிறார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது சும்மாவா. குரூப் பூராவும் கும்பிடு போட்டது, கை தட்டியது. மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில் ஆறுச்சாமி அவளைக் கூப்பிட்டார்.

ஆறுச்சாமி கெட்டவர் இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்து மனுஷர், பேச்சில் மரியாதை குறையாது. ஆனால் ஐம்பது ஆள் வெட்ட வேண்டிய தேயிலைக் காட்டை முப்பது ஆளை வைத்து வெட்டச் சொல்லி மேலேயிருந்து அவர் கழுத்தில் கத்தி.

"ஏம்மா சுகுணா, வீடியோ பார்த்தனுங்க. நல்லாத்தான் வாசிக்கறீங்க. கிட்டார் புடிக்கற கை கத்தரியப் புடிக்காதா? சொல்லுங்க பார்ப்போம்."

அவள் சொல்லிப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் வேறு, எட்டு மணி நேரம் வேறு என்றாள். பிடிப்பதே இல்லை, கட்டிவைத்திருக்கிறேன் என்றாள். வாயால் சொல்கிற வலியை யார் எடை போட்டார்கள்? லைட் டூட்டி முடிகிற நாள் நெருங்கிவிட்டது; டாக்டரம்மா குழந்தைகளுக்கு எடை பார்க்க வரும்போது அவர் முன்னாலேயே வாசித்துக் காட்டட்டும், அப்புறம் அவர் சொல்வதுதான் என்று முடித்துவிட்டார். மறுபடி கத்தரி பிடித்தால் மிச்சமிருக்கிற இரண்டு விரலும் போகும் என்று குன்னூரிலேயே சொல்லியிருந்தார்கள். மாட்டேன் என்றால் வேலை போகும். வேலை போனால் லைன் வீடும் போகும்.

சுமலதா அழுது முகம் வீங்கி வந்தாள். வீடியோவை அழித்துவிட்டாளாம். அழித்து என்ன, பார்த்தவர் கண்ணை அழிக்க முடியுமா? சுகுணாவுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. டீ போட்டு, ஒரு வர்க்கி பிஸ்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"அக்கா, தப்புத் தப்பா வாசிச்சிருங்க," என்றாள் சுமலதா. "விரலே வரலைன்னு காட்டுங்க. சத்தியமா யாருக்கும் தெரியாது."

அப்படித்தான் செய்வது என்று சுகுணா முன்பே முடிவு செய்திருந்தாள். அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை. வெட்கமெல்லாம் தெம்பிருக்கிறவர்களுக்கு.

டாக்டரம்மா வந்த அன்று மலையைப் பனிமஞ்சு மூடியிருந்தது. தோட்டத்துக்குள் காட்டுமாடு நிற்கிறது என்று ஒரு மணி நேரம் வேலை நின்று, ஆறுச்சாமி சிடுசிடுப்போடு வந்தார். குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து முடித்ததும், நாற்காலியை இழுத்துப்போட்டு டாக்டரம்மா உட்கார்ந்தார். நின்றபடி ஆறுச்சாமி. கீழே பாயில் சுகுணா, சுற்றிலும் குழந்தைகள்.

அவள் மோதிரத்தை மாட்டித் துண்டைச் செருகினாள். நினைத்தபடியே தப்பாக ஆரம்பித்தாள். இடது கையை வேண்டுமென்றே பக்கத்துக் கம்பியில் வைத்தாள், தாளத்தை விட்டாள். ஆடத் தெரியாதவளுக்கு அன்று முற்றம் ரொம்பவே கோணலாக இருந்தது. ஆறுச்சாமி உதட்டைப் பிதுக்கினார். நம்பவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

வர்ஷா பாயில் எழுந்து உட்கார்ந்தது.

"அது இல்ல," என்றது. "ஒழுங்கா வாசி."

சுகுணா இன்னும் கொஞ்சம் தப்பாக வாசித்தாள். குழந்தைக்கு முகம் கோணியது. தினமும் தனக்குக் கிடைத்த ஒன்றை இவள் எல்லோர் முன்னாலும் கெடுக்கிறாள் என்று அதற்கு எப்படியோ தெரிந்துவிட்டது. உதடு நடுங்கி, ஏங்கி ஏங்கி அழ ஆரம்பித்தது. சுகுணாவால் எதை வேண்டுமானாலும் தாங்க முடியும். அந்த அழுகையைத் தாங்க முடியவில்லை. கத்தரியாவது கழுதையாவது என்று ஆகிவிட்டது.

வாசித்தாள். தினமும் வாசிக்கிறதைத்தான், தினமும் வாசிக்கிற மாதிரியே. வர்ஷாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். அழுகை விக்கலாகி, விக்கல் அடங்கியது. ஆறுச்சாமி டாக்டரம்மாவைப் பார்த்து, பார்த்தீங்களா என்கிற மாதிரி தலையை ஆட்டினார். டாக்டரம்மா நிறுத்தச் சொல்லவில்லை. ஐந்து நிமிஷம் தாண்டியது. தோள்பட்டையில் தீப்பிடித்தது. குழந்தைக்குக் கண் சொருகுகிற நேரம். இப்போது நிறுத்தினால் எழுந்துவிடும் என்று அவள் நிறுத்தவில்லை.

"நிறுத்தும்மா," என்றார் ஆறுச்சாமி. குரல் வேறு மாதிரி இருந்தது. "ஐயோ, நிறுத்துங்கம்மா, போதும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டாரின் மரத்திலும் கம்பியிலும் சிவப்பாகத் தெறித்திருந்தது. அவள் சேலை மடியிலும் சொட்டியிருந்தது. மோதிரம் நழுவி, துண்டு எங்கோ விழுந்துபோய், இத்தனை நேரமும் வெறும் விரலின் பக்கவாட்டுத் தோல்தான் கம்பியில் அறுபட்டுக்கொண்டிருந்தது.

"யாருக்கு அடிபட்டுச்சு?" என்று கேட்டாள் சுகுணா. குழந்தைகளைத்தான் அவசரமாகப் பார்த்தாள்.

டாக்டரம்மா இறங்கிப் பாயில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துக்கொண்டார். பஞ்சை வைத்து அழுத்தியபோது வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். இங்கே என்றார். எங்கே டாக்டர் என்று கேட்டாள். ஆறுச்சாமி வாசலுக்குப் போய் மஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் கத்தரி என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

இன்னொரு வருஷத்துக்கு லைட் டூட்டி கிடைத்தது. கிளம்பும்போது டாக்டரம்மா, கோபமில்லாமல், தானும் களைத்துப்போன குரலில் சொன்னார்:

"இனி இதைத் தொடாதீங்க சுகுணா. புண்ணு பழுத்தா உங்களுக்குத் தெரியாது, விரலை எடுக்க வேண்டி வரும். இன்னொரு வீடியோ வந்தா நானும் ஒண்ணும் செய்ய முடியாது."

சரி டாக்டர் என்றாள். வேறென்ன சொல்வது? கத்தரியும் போயிற்று, கிட்டாரும் போயிற்று. ஒரே கையெழுத்தில் இரண்டும் தீர்ந்தது. சுமலதா கும்பிட்ட சாமிக்கெல்லாம் நன்றி சொன்னாள். சுகுணா கிட்டாரை ஈரத்துணியால் துடைத்து, உறைக்குள் போட்டு, பிள்ளைக்காம்பராச் சுவரிலேயே ஒரு ஆணியில் மாட்டினாள். இடது கையால் துடைக்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் மத்தியானம் குழந்தைகள் தூங்கவில்லை. வர்ஷா ஆணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அழவுமில்லை, கேட்கவுமில்லை. கேட்டிருந்தால்கூட சுகுணா அதட்டியிருப்பாள்.

கதவைச் சாத்தினாள். கிட்டாரை எடுத்து மடியில் வைத்தாள். கட்டுப்போட்ட வலது கை பக்கத்தில் பாயின்மேல் கிடந்தது, கிடக்கட்டும். இடது கை விரல்களால் கம்பியைத் தட்டினாள், ஒவ்வொன்றாக, அழுத்தி. அப்பா பகலில் தூங்கிய வீட்டில் தட்டிய மாதிரியே. முதலில் விரலுக்கு நினைவில்லை. பிறகு வந்தது. ஜன்னலுக்குக் கேட்காது, எந்த ஃபோனுக்கும் கேட்காது.

என்ன பண்ற என்று கேட்டுக்கொண்டே வர்ஷா தவழ்ந்து வந்தது. பேசாதே, காதை வை என்றாள். குழந்தை கிட்டாரின் வயிற்றில் காதை வைத்துப் படுத்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. அப்புறம் இன்னொன்று. இடம் போதாமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மூன்றும் காதை ஒட்டிக்கொண்டன. கனத்தில் சுகுணாவின் தொடை மரத்துப்போயிற்று. அதைத் தெரிந்துகொள்ள அவள் பார்க்க வேண்டியிருக்கவில்லை.