காரை பிடித்திருந்த நான்கு பற்கள்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை என் வேலை முடிந்துபோகும். ஜனவரி முதல் தேதிக்கு ஒன்று, ஜூலை முதல் தேதிக்கு ஒன்று என்று தட்டச்சு செய்த நீட்டிப்பு உத்தரவு வரும். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் எனக்குச் சோறு இறங்காது.

அறுபதுகளின் கடைசியில் பல் சுகாதாரத்தில் இரண்டு வருடப் படிப்பை முடித்துவிட்டுத் தாம்பரத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் பல் பிரிவில் சேர்ந்தேன். பிடுங்குவதும் அடைப்பதும் டாக்டர் வேலை. பல்லில் கெட்டியாகப் படியும் காரையைச் சுரண்டி எடுப்பதும், துலக்கும் முறையைச் சொல்லித்தருவதும் என் வேலை. வெளியே எல்லோருக்கும் நான் பல் நர்ஸ். சம்பளப் பட்டியலில் 'தற்காலிகம்'. ஐந்தாவது வருடத்திலும் அப்படித்தான். என்னோடு சேர்ந்த எக்ஸ்ரே உதவியாளர் இரண்டு படி ஏறிவிட்டார். என் வேலைக்கு மேலே படி என்று எதுவுமே எழுதப்பட்டிருக்கவில்லை.

அந்த ஜூனில், என்னை நிரந்தரமாக்கும்படி பல் டாக்டர் எழுதிய குறிப்பு நிர்வாக அலுவலரின் மேசைக்குப் போயிருந்தது. மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை. 'வெயில். குரோம்பேட்டையில் வண்டி அரைமணி நின்றது' என்று டைரியில் இருக்கிறது. செவ்வாய்தோறும் டாக்டர் கேளம்பாக்கம் கிளைக்குப் போய்விடுவார். நானும் பிரிவைப் பெருக்கித் துடைக்கும் ஆயாவும் மட்டும் இருந்தபோது அந்த அலுவலரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பல்லைக் கொஞ்சம் க்ளீன் பண்ணிடுங்க. சீக்கிரம்."

சிறு கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். கீழ் முன்பற்கள் நான்கின் பின்புறமும் காரை ஒரே சுவராகப் படிந்திருந்தது. ஈறு நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. விரலால் அழுத்தியபோது பற்கள் அசையவில்லை. ஆனால் பற்களைப் பிடித்திருந்தது எலும்பல்ல, காரை. அதை எடுத்தால் நான்கும் ஆடும். சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புவார்கள். ஐந்து வருடமாக அதை மறுத்துப் பேசிவந்தவள் நான். இவர் வாயில் மட்டும் அது உண்மையாகிவிடும் போலிருந்தது.

கருவி எடுக்கும் சாக்கில் அலமாரிப் பக்கம் போனேன். ஆயா கிட்டே வந்தார்.

"இன்னா நர்சம்மா, இங்கயே நின்னுகினு கீறே? மேல் பல்லை மட்டும் பளபளன்னு தேச்சு அனுப்பு. கீழ எவன் குனிஞ்சு பாக்கப் போறான்? உத்தரவு வர்ற நேரத்துல ஏன் பேஜாரு?"

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, நாற்காலியில் அலுவலர் தொண்டையைச் செருமினார். அவர் அருகில் போனேன்.

"சார், கீழ் முன்பல் நாலும் காரையோட பலத்துலதான் நிக்குது. எடுத்தா ஆடும். எடுக்கலேன்னா கொஞ்ச வருஷத்துல நாலும் விழுந்துடும்."

"ஆடும்னா? சாப்பிட முடியுமா?"

"கொஞ்ச நாள் பாத்துக் கடிக்கணும். ஈறு இறுகினா ஓரளவு நிக்கும்."

"ஓரளவா? என் ஆபீஸ்ல ஃபைல் எழுதுற மாதிரியே பேசறீங்களே."

"அதுக்கு மேல சொன்னா பொய் சார்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "வீட்ல சொன்னாங்க, போகாதீங்க, இருக்கிற பல்லையும் கலைச்சிடுவாங்கன்னு. சரி, எடுங்க."

நாற்பது நிமிடம் ஆயிற்று. காரை துண்டு துண்டாகக் கிண்ணத்தில் விழுந்தது. முடித்தபோது பற்களுக்கிடையே வெளிச்சம் தெரிந்தது. அவர் நாக்கால் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஆடுது."

"ஆமா சார்."

கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

"போச்சு," என்றார் ஆயா. "அவரு பல்லும் போச்சு, உன் உத்தரவும் போச்சு."

மறுநாள் டாக்டர் நான் எழுதிவைத்திருந்த சிகிச்சைச் சீட்டைப் படித்துவிட்டு, "சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா அதை அவர்கிட்ட யார் சொல்றது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில் பல்லாவரத்தில் வண்டி ஏறித் தாம்பரத்தில் இறங்கும்வரை நூலகப் புத்தகத்தில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு தடவை அலுவலரை நடைபாதையில் கண்டேன். வாய் திறக்காமல் தலையை மட்டும் அசைத்தார். அது கோபமா, பல்வலியா என்று யோசித்தே அந்த வாரம் கழிந்தது.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை உறை வந்தது. ஆறு மாத நீட்டிப்பு. கீழே ஒரு வரி: இப்பணிக்கு நிரந்தர இடம் ஏற்படுத்த விதிகளில் இடமில்லை. அலுவலரின் கையெழுத்து. பற்கள் ஆடாமல் இருந்திருந்தால் அந்த வரி வேறு மாதிரி இருந்திருக்குமா? எத்தனை தடவை படித்தும் தெரியவில்லை.

மதியம் அவரே மனைவியுடன் வந்து நின்றார்.

"இவங்களுக்கும் பாருங்க. நீங்க ஒருத்தர்தான் முன்னாடியே சொல்லிட்டுச் செய்யறீங்க. ஆடுமா ஆடாதான்னு இப்பவே சொல்லிடுங்க."

"இவர் பேச்சைக் கேக்காதீங்க," என்றார் அந்த அம்மா. "பத்து நாளா வீட்ல முறுக்கு சுடக்கூடாதுன்னு ஆர்டர்."

அந்த வரியைப் பற்றி அவரிடம் கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துவிட்டார். கை கழுவிக்கொண்டு, கண்ணாடியை எடுத்தேன்.