இருட்டக்கா விட்ட இடைவெளி

திரைச்சீலை தைக்கும் அவளைத் தெருவில் எல்லோரும் இருட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தைத்த திரையை மாட்டினால் நடுப்பகலிலும் அறைக்குள் பொட்டு வெளிச்சம் வராது. இருபத்திரண்டு வருடத் தொழில். தைத்ததைப் பிரித்ததாகச் சரித்திரமே இல்லை.

தையல் மிஷினுக்குப் பக்கத்துக் கூண்டில் ஒரு சாம்பல் நிற முயல். அவள் வேலை செய்வதை நாள் முழுக்க முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

போன முறை விளையாட்டரங்கத்தில் வாணம் விட்டபோது மேனேஜர் மிரண்டுபோய் ஒன்றரை நாள் எதையும் தொடவில்லை. முயல் தின்பதை நிறுத்தினால் குடலும் நின்றுவிடும், அப்புறம் உயிருக்கே உத்தரவாதமில்லை என்று டாக்டர் ஊசி போட்டபடியே திட்டினார். இன்று மறுபடியும் வாணவேடிக்கை. ஏழு மணிக்கு.

விடுவாளா இருட்டக்கா? மூன்றடுக்குத் துணியில் கூண்டுக்கே ஒரு சட்டை தைத்து, அடிப்பலகை வரை இழுத்து இறுக்கிவிட்டாள்.

ஆறரைக்கு வந்த தங்கை கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அவளுக்கு விலங்கு மருத்துவமனையில் வேலை.

“அழகா இருக்கு. ஆமா, மேனேஜர் எப்படிக்கா மூச்சு விடுவாரு?”

“இடுக்கே இல்லாம தைச்சிருக்கேன், நீ மூச்சப் பத்திக் கேக்குற.”

“அதுதான் தப்பு. முன்பக்கம் திறந்து இருக்கணும். வெடிக்கு முன்னாடி உன் தையலே ஆளை மேல அனுப்பிடும் போல.”

“நான் அப்பவே சொன்னேன் மச்சினி,” என்றார் அக்காவின் கணவர்.

“நீங்க சொன்னது கலர் சரியில்லன்னு,” என்றாள் இருட்டக்கா.

பிளேடை எடுத்தாள். கை தயங்கியது. அவ்வளவு நேர்த்தியான தையல்.

டமார்.

மணி ஆறு நாற்பதுதான். கூண்டுக்குள் மேனேஜர் பின்னங்காலால் பலகையை ஓங்கி ஓர் அறை அறைந்தது. சர்ரென்று கிழித்தாள் இருட்டக்கா. தங்கை அள்ளி அள்ளி வைக்கோலைத் திணித்தாள். முயல் அதற்குள் புதைந்துகொண்டது. கணவர் ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்தித் திரைகளை இழுத்தார். வெளிச்சம் வெளியிலேயே நின்றது. சத்தம்தான் உள்ளே வந்தது.

“ரேடியோ போடவா?”

“பழகின சத்தமா இருக்கணும் மாமா.”

இருட்டக்கா மிஷினைப் பார்த்தாள். மறு நொடி உட்கார்ந்துவிட்டாள். நூலைக் கழற்றி, ஊசிக்கடியில் ஒரு கந்தலைக் கொடுத்து, மிதித்தாள். கடகடகட. வெளியே வானம் துண்டு துண்டாகக் கிழிந்தது. உள்ளே நூலில்லாத ஊசி ஒரே வேகத்தில் தைத்துக்கொண்டே இருந்தது.

மூவரும் வைக்கோலையே பார்த்தார்கள். ஒரு காது வந்தது. பிறகு மூக்கு. ஒரு வைக்கோல் தாள் அசைந்தது, மெல்ல மெல்லக் குட்டையாகி வாய்க்குள் போனது.

“தின்னுறாரு,” என்றாள் தங்கை, தொண்டைக்குள்ளேயே.

இருட்டக்கா நிறுத்தவில்லை.

“அக்கா, வெடி நின்னு பத்து நிமிஷம் ஆச்சு.”

“ஆகட்டும்,” என்றாள், மிதித்தபடியே. “மேனேஜர் சாப்பிட்டு முடிக்கட்டும்.”