கடைசி நான்கு சனிக்கிழமைகள்

என் மகன் நான்கு வருடம் பல்கலைக்கழக அணிக்காக ஃபுட்போல் விளையாடினான். நாங்கள் ஊரில் பார்த்த உதைபந்தாட்டம் இல்லை. ஹெல்மட் போட்டு, ஆளை ஆள் இடித்து விழுத்துகிற ஃபுட்போல். அவன் நிற்பது முன்வரிசையில். பந்து வைத்திருப்பவனை எதிராளிகள் நெருங்கவிடாமல் மறிப்பதுதான் வேலை. "பந்தையே தொடாத விளையாட்டுக்கோ தம்பி உனக்கு இவ்வளவு சோறும் போட்டனான்?" என்று முதல் வருடம் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

பருவம் முடிந்தபின் நல்ல அணிகள் மட்டும் விளையாடுவது பிளேஓஃப். முதல் மூன்று வருடமும் இவர்கள் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. படிப்பு முடிகிற நான்காவது வருடம், எட்டு ஆட்டங்களில் முதல் நான்கையும் வென்றுவிட்டார்கள். மிச்சத்தில் ஒன்றை வென்றால் போதும். வீட்டில் வேறு பேச்சே இல்லை. எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. சனிக்கிழமை ஷிஃப்ட் என் தலையெழுத்து. அந்த நான்கு வெற்றியில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. கூட வேலை செய்கிறவளிடம் கெஞ்சி, அவளுடைய ஞாயிறுகளை நான் எடுத்துக்கொண்டு, மிச்சச் சனிக்கிழமைகளை அவள் தலையில் கட்டினேன். ஞாயிறுப் பூசையும் போனது.

ஐந்தாவது ஆட்டத்துக்குப் போனேன், தோற்றார்கள். ஆறாவதுக்கு 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலம் கார் ஓடிப் போனோம். கடைசி நிமிடத்தில் தோற்றார்கள். ஏழாவதில் பாதி ஆட்டம் வரை நன்றாக முன்னுக்கு நின்றார்கள். பிறகு எப்படித் தோற்றார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கு வயிறு எரியும். "எழும்படா, மறியடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். என் பிள்ளை முழங்காலில் நின்றபடி புல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது, ஆறடி இரண்டு அங்குலம். தூக்கி இடுப்பில் வைக்கவா முடியும்?

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் பகிடியாகத்தான் சொன்னார்.

"இஞ்சேரும், நீர் வராத மட்டும் வெண்டவங்கள். நீர் வந்தாப்பிறகு மூண்டும் போச்சு. உம்மடை ராசிதான்."

"ஓம், நான்தான் ஓடிப்போய் எல்லாரையும் இடிச்சு விழுத்தினனான்," என்று பாய்ந்தேன்.

பாய்ந்தேனே தவிர, அந்தச் சொல் உள்ளே போய்க் குந்திவிட்டது. வேலையில் ஓர் அம்மாவுக்குச் சாப்பாடு தீத்தும்போதும் அதே நினைப்பு. வீட்டில் மகன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "பசிக்கேல்லை அம்மா," என்றான். இவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை.

கடைசி ஆட்டம் இங்கே, ரொறன்ரோவில். வென்றால் பிளேஓஃப், தோற்றால் எல்லாம் முடிந்தது. மைதான வாசல்வரை போனேன். டிக்கெட்டும் கையில் இருந்தது. கால் எழவில்லை.

"நீங்கள் போங்கோ. நான் காருக்கை இருக்கிறன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "உமக்கென்ன விசரே? நான் சும்மா சொன்னது!"

"சும்மாவோ உண்மையோ, என்ரை பிள்ளை வெல்லட்டும்."

மூன்று மணித்தியாலம் ஜெபமாலையோடு காருக்குள் இருந்தேன். உள்ளே கூட்டம் கத்தும். யாருக்காகக் கத்துகிறார்கள் என்று தெரியாது. பெரிதாகக் கத்தினால் நாங்கள்தான் என்று நினைத்து நெற்றியில் சிலுவை போடுவேன். கடைசியில் ஒரு பெரிய சத்தம் எழும்பிப் பாதியில் அறுந்தது. பிறகு சின்னதாக, நிற்காமல் இன்னோர் ஆரவாரம். வெளியூரிலிருந்து வந்த கொஞ்சப் பேருடையது. எனக்கு விளங்கிவிட்டது. ஐயோ ஆண்டவரே, நான்தான் உள்ளே போகவில்லையே, பிறகேன் என்று வாய்விட்டே கேட்டேன்.

மகன் வர வெகுநேரமானது. கண் சிவந்திருந்தது. நான் காரை விட்டு இறங்கினேன்.

"எங்கை அம்மா இருந்தனீங்கள்? ஒவ்வொருக்காலும் ஃபீல்டுக்கு வரேக்கை ஸ்டாண்டைப் பாத்தனான். அப்பா மட்டும்தான் இருந்தவர்."

சொன்னேன். ராசி என்றால் என்னவென்று அவனுக்கு விளக்கவேண்டியிருந்தது. விளக்க விளக்க எனக்கே வெட்கமாக வந்தது. அவன் கோபித்திருந்தால் நானும் இரண்டு கத்துக் கத்தி ஆறியிருப்பேன். அவன் கோபிக்கவில்லை.

"அவங்கள் எங்களை விட பெட்டரா விளையாடினவங்கள் அம்மா, தட்ஸ் இட்," என்றான். "ஆனா நான் இண்டைக்கு நல்லாச் செய்தனான். ஒருத்தனையும் உள்ளுக்கை விடேல்லை. ஐ வாண்டட் யூ டு சீ தட்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னேன். "அடுத்த முறை கட்டாயம் உள்ளுக்கை வந்து பாப்பன், தம்பி."

சொன்ன பிறகுதான் உறைத்தது. படிப்பு முடிகிற பிள்ளைக்கு ஏது அடுத்த முறை? அவனுக்கும் அது தெரியும். குனிந்து என் உச்சந்தலையில் தன் நாடியை ஊன்றி, "ஓம் அம்மா, வாங்கோ," என்றான்.